ஹவானாவில் வென்ற பதினொருவர்

1974ஆம் ஆண்டிலே குத்துச்சண்டை உலகில் இரண்டு பெரு நிகழ்ச்சிகள் இடம்பெற்றன. ஒன்று, ஒக்டோபர் மாதம் 30ஆந் திகதி, அன்று ஸயர் எனப் பெயர் பெற்றிருந்த ஆபிரிக்க நாட்டின் தலைநகராகிய கின்ஷாசாவில் முகம்மது அலியும் ஜோர்ஜ் போர்மனும் பொருதிய போட்டி. வென்றாலும் தோற்றாலும் இருவருக்கும் தனித்தனியே ஐம்பது இலட்சம் அமெரிக்க டொலர் என்பது அப்போட்டியின் உடன்படிக்கை. மற்றையது, அதற்குச் சரியாக இரண்டு மாதங்களுக்கு முன், ஓகஸ்ட் 17ஆந் திகதி தொடங்கி 30ஆந் திகதி நிறைவெய்திய ஹவானாப் போட்டி. கியூபாவின் தலைநகரில் நிகழ்ந்த இது, உலக அமெச்சூர் குத்துச்சண்டைச் சம்பியன் போட்டிகளுள் முதலாவதாகும். இதிலே வென்றோர்க்கு ஊதியம் இல்லை. பதக்கமும் பேருமே பரிசு.

முன்னையதைப் பற்றி நூல்கள் பல எழுந்துள்ளன, திரைப்படமும் வந்துள்ளது. பின்னையதை நினைவுகூர்வோர் மிகச் சிலரே. ஆயினும், ஹவானாவிலே தங்கப் பதக்கம் பெற்ற பதினொரு வீரரின் பிற்கால வாழ்க்கையை ஒருங்கே வைத்து நோக்குமிடத்து முக்கியமான வினாவொன்று எழுகின்றது. ஒரு வீரனின் கைவன்மை யாருக்கு உரியது? அவனுக்கா, அவனைப் பயிற்றி வளர்த்த நாட்டுக்கா, அல்லது அவனைக் கொண்டு பணம் ஈட்டும் போட்டி ஏற்பாட்டாளருக்கா? ஒரே மேடையில், ஒரே மாதத்தில், ஒரே வகைப் பதக்கத்தை அணிந்த பதினொருவரும் இவ்வினாவுக்கு ஒரே விடையைக் கூறினாரல்லர்.

முதற்கண், அமெச்சூர் என்னுஞ் சொல்லின் பொருளை அறிதல் வேண்டும். பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்தின் வாயிலாக உலகெங்கும் பரவிய இச்சொல்லின் மூலப்பொருள் விரும்புபவன் என்பதாகும். பணத்துக்காகவன்றி, விளையாட்டின்மீது கொண்ட விருப்பத்தினால் மட்டும் விளையாடுபவனே அமெச்சூர் வீரன். பரிசுப் பணம் பெற்றுப் போட்டியிடுபவன் தொழில்முறை வீரன். ஏனைய பல விளையாட்டுகளில் இவ்விரு சாராரும் ஒரே விதிகளின்படி விளையாடுவர். குத்துச்சண்டையிலோ விதிகளே வெவ்வேறானவை.

1974இல் அமெச்சூர்ப் போட்டியொன்று மூன்று சுற்றுகளைக் கொண்டது. சுற்றொன்று மூன்று நிமிடம். இடையே ஒரு நிமிட ஓய்வு. ஆகவே, வீரன் பொருதும் நேரம் ஒன்பது நிமிடங்களே. அக்காலத் தொழில்முறை உலகப் பட்டப் போட்டியோ பதினைந்து சுற்றுகளைக் கொண்டது. அதாவது நாற்பத்தைந்து நிமிடம். 1982இல் தென்கொரிய வீரர் கிம் டுக்-கூ உலகப் பட்டப் போட்டியொன்றில் அடிபட்டு உயிரிழந்த பின்னரே பதினைந்து சுற்றுகள் பன்னிரண்டாகக் குறைக்கப்படலாயின. இக்கால வேறுபாடு ஆட்டத்தின் தன்மையையே மாற்றிவிடுகின்றது. நாற்பத்தைந்து நிமிடப் போட்டியில் எதிரியை மெல்ல மெல்லக் களைப்படையச் செய்து இறுதியில் வீழ்த்தலாம். ஒன்பது நிமிடப் போட்டியிலோ முதல் மணியோசையிலிருந்தே புள்ளிகளைத் தேடவேண்டும். மேடையைச் சூழ அமர்ந்திருக்கும் ஐந்து தீர்ப்பாளர்களுட் பெரும்பான்மையோர் எவர் பக்கமோ அவருக்கே வெற்றி. கையுறையின் முட்டிப் பகுதி எதிரியின் தலையின் முன்புறத்திலோ பக்கங்களிலோ, இடுப்புப் பட்டிக்கு மேற்பட்ட உடலிலோ சரியாகப் பட்டால் மட்டுமே அது கணக்கிற் கொள்ளப்படும். வீரனொருவன் நிலைகுலைந்து காணப்பட்டால் மத்தியஸ்தர் போட்டியை நிறுத்திவிடுவார். சுருங்கக் கூறின், அமெச்சூர் விதிகள் வீரனின் உடலைக் காக்கும் நோக்கத்தை முதன்மையாகக் கொண்டவை.

வீரர்கள் எடைக்கேற்பப் பிரிக்கப்பட்டனர். 48 கிலோகிராம் தொடங்கி 81 கிலோகிராம் வரை பத்துப் பிரிவுகளும், அதற்கு மேற்பட்டோர்க்குப் பார எடைப் பிரிவு ஒன்றுமாக, அன்று பதினொரு பிரிவுகள் இருந்தன. ஒரு நாடு ஒவ்வொரு பிரிவுக்கும் ஒருவரை மட்டுமே அனுப்பலாம். அரையிறுதியில் தோற்ற இருவரையும் மூன்றாம் இடத்துக்காக மீண்டும் மோதவிடுவதில்லை; இருவருக்கும் வெண்கலப் பதக்கம் அளிக்கப்படும். எனவே பிரிவொன்றுக்கு நான்கு பதக்கங்கள். பதினொரு பிரிவுகளுக்கும் நாற்பத்து நான்கு.

இத்தகைய உலகப் போட்டியொன்று 1974 வரை ஏன் தோன்றவில்லை என்ற ஐயம் எழலாம். 1904ஆம் ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடைபெற்ற ஒலிம்பிக்கிலேயே குத்துச்சண்டை சேர்க்கப்பட்டுவிட்டது. அது தொடக்கம் ஒலிம்பிக் போட்டியே அமெச்சூர் வீரர்களுக்கு உலகச் சம்பியன் போட்டியாகவும் அமைந்தது. ஐரோப்பிய நாடுகள் 1925 முதல் தமக்கெனத் தனிப் போட்டி நடத்தி வந்தன. 1946இல் இலண்டனிலே சர்வதேச அமெச்சூர் குத்துச்சண்டைச் சங்கம் அமைக்கப்பட்டது. ஆயினும் ஒலிம்பிக்குக்கு அப்பால் உலகப் போட்டியொன்றை அச்சங்கம் நடத்துவதற்கு மேலும் இருபத்தெட்டு ஆண்டுகள் சென்றன. அந்த முதற் போட்டிக்கு ஹவானா நகர் இடமாகியது தற்செயலானதன்று.

கியூபாவில் குத்துச்சண்டை நெடுங்காலமாக வேரூன்றியிருந்தது. ஆனால் அது பணத்துக்காகப் பொருதும் தொழில்முறை ஆட்டமாகவே இருந்தது. கிட் சொக்லட் எனப் பெயர் பெற்ற எலிகியோ சார்டீனியாஸ் 1931இல் உலகப் பட்டம் வென்று, அப்பேறு பெற்ற முதற் கியூப வீரரானார். கிட் கவிலான் 1951 தொடக்கம் 1954 வரை உலகச் சம்பியனாக விளங்கினார். வறுமையிற் பிறந்த இளைஞர்க்கு அமெரிக்க மேடைகளே செல்வத்துக்கு வழி காட்டின. அவ்வழியில் அபாயமும் இருந்தது. கியூபாவிற் பிறந்த பென்னி பரேட் என்னும் சம்பியன் 1962 மார்ச் 24ஆந் திகதி நியூயோர்க் நகரில் எமில் கிரிபித்துடன் பொருதியபோது கடுமையாகத் தாக்கப்பட்டு நினைவிழந்தார். ஏப்பிரல் 3ஆந் திகதி அவர் உயிர் பிரிந்தது. தொலைக்காட்சியில் அதனை நேரிற் கண்ட அமெரிக்க மக்கள் திகைப்புற்றனர்.

அதே 1962ஆம் ஆண்டிற் கியூபாவின் புரட்சி அரசாங்கம் தொழில்முறை விளையாட்டுகள் அனைத்தையும் தடைசெய்தது. மனித உடலை விலைக்கு வாங்கி விற்கும் வாணிகம் ஒழிய வேண்டும் என்பது அரசு கூறிய நியாயம். தொழிலை விட மனமில்லாத வீரர் பலர் நாட்டை விட்டு வெளியேறினர். ஹோசே நாபொலெஸ், சுகர் ராமொஸ் ஆகியோர் மெக்சிக்கோவிலும், லூயிஸ் ரொட்றீகெஸ் அமெரிக்காவின் மியாமியிலும் குடியேறி, மூவரும் உலகப் பட்டங்களை வென்றனர். கியூபாவில் எஞ்சியதோ அமெச்சூர் ஆட்டம் மட்டுமே. அதனை வளர்க்கும் பொறுப்பு அல்சீடெஸ் சகாரா என்னும் பயிற்றுநரிடம் ஒப்படைக்கப்பட்டது. சோவியத் நாட்டிலிருந்து அந்திரேய் செர்வொனென்கோ போன்ற பயிற்றுநர்களும் வந்து உதவினர். பாடசாலைகளிலும் மாகாணங்களிலும் சிறுவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். உணவும் கல்வியும் பயிற்சியும் அரசின் செலவிலேயே வழங்கப்பட்டன.

பயன் விரைவில் விளைந்தது. 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் கியூபா இரண்டு வெள்ளிப் பதக்கங்களைப் பெற்றது. 1972இல் மியூனிச் ஒலிம்பிக்கில் ஒர்லாண்டோ மார்த்தினெஸ், எமிலியோ கொரேயா, தெயோபிலோ ஸ்டீவன்சன் ஆகிய மூவரும் தங்கப் பதக்கம் வென்றனர். கியூபா குத்துச்சண்டையிற் பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கங்கள் இவையே. இரண்டாண்டு கழித்து முதலாவது உலகப் போட்டி ஹவானாவில் நடைபெற்றபோது, அந்நாட்டு மக்கள் தம் வீரரின் ஆற்றலைத் தம் ஊரிலேயே காண ஆவலுடன் திரண்டனர்.

இனி, வென்றோரை வரிசையாக நோக்குவோம். 48 கிலோகிராம் பிரிவிற் கியூபாவின் ஹோர்ஹே ஹெர்னாண்டெஸ், கென்ய வீரர் ஸ்டீபன் முச்சோக்கியை வென்று தங்கம் பெற்றார். 51 கிலோகிராம் பிரிவில், மியூனிச்சில் வெண்கலம் பெற்றிருந்த கியூப வீரர் டக்ளஸ் ரொட்றீகெஸ் முதலிடம் பெற்றார். 54 கிலோகிராம் பிரிவிலோ கியூப மக்கள் ஏமாற்றமடைந்தனர். புவெர்த்தோ ரிக்கோத் தீவிலிருந்து வந்த வில்பிரெடோ கோமெஸ் என்னும் பதினேழு வயது இளைஞர், அவர்களின் வீரராகிய ஹோர்ஹே லூயிஸ் ரொமேரோவை அவர்கள் கண்முன்னேயே வென்றார்.

57 கிலோகிராம் பிரிவில் அமெரிக்காவின் ஹவார்ட் டேவிஸ், மியூனிச் ஒலிம்பிக் சம்பியனாகிய சோவியத் வீரர் பொரிஸ் குஸ்னெட்சோவைத் தோற்கடித்தார். டேவிசுக்கு அப்போது வயது பதினெட்டு. 60 கிலோகிராம் பிரிவில் சோவியத் நாட்டின் வசீலி சொலோமின், உருமேனியாவின் சிமியோன் குட்சோவை வென்றார். 63.5 கிலோகிராம் பிரிவில் உகண்டாவின் அயூப் கலூலே, பல்கேரியாவின் விளாடிமிர் கொலெவை வென்று ஆபிரிக்கக் கண்டத்துக்கு அப்போட்டியின் ஒரே தங்கத்தைத் தேடிக் கொடுத்தார்.

67 கிலோகிராம் பிரிவில் எமிலியோ கொரேயா, மியூனிச்சிற் பெற்ற சிறப்பை நிலைநாட்டினார். 71 கிலோகிராம் பிரிவில், மெக்சிக்கோவில் வெள்ளி பெற்றிருந்த கியூபாவின் ரொலாண்டோ கார்பே, வெனிசுவேலா வீரர் அல்பிரெடோ லேமுசை வென்றார். 75 கிலோகிராம் பிரிவின் தங்கம், தாஷ்கண்ட் நகரைச் சேர்ந்த சோவியத் வீரர் ருபாத் ரிஸ்கியேவுக்குக் கிடைத்தது. 81 கிலோகிராம் பிரிவில் யூகோசிலாவியாவின் மாத்தே பார்லொவ், சோவியத் வீரர் ஒலேக் கரத்தாயெவை வென்றார். இடது கை முன்வலிமையுடைய பார்லொவும் மியூனிச்சில் ஒலிம்பிக் தங்கம் பெற்றவரே. இறுதியாக, பார எடைப் பிரிவிலே தெயோபிலோ ஸ்டீவன்சன் அமெரிக்க வீரர் மார்வின் ஸ்டின்சனை வென்றார்.

ஆகவே கியூபாவுக்கு ஐந்து தங்கம். சோவியத் நாட்டுக்கு இரண்டு. அமெரிக்கா, யூகோசிலாவியா, புவெர்த்தோ ரிக்கோ, உகண்டா ஆகிய நான்குக்கும் தலா ஒன்று. இக்கணக்கைச் சற்று ஊன்றி நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். கியூபாவினதும் சோவியத் நாட்டினதும் எழுவரும் தம் வாழ்நாளில் ஒருபோதும் தொழில்முறை ஆட்டத்திற் புகவில்லை. ஏனைய நால்வரும் புகுந்தனர். திறமையில் இவர்களிடையே ஏற்றத்தாழ்வு காண்பது அரிது. வழிகளைப் பிரித்தது அவரவர் பிறந்த மண்ணும் அதன் சட்டமுமே.

தொழில்முறையைத் தேர்ந்த நால்வருள் முதலாவதாகச் சென்றவர் கோமெஸ். ஹவானாவில் வென்ற அதே ஆண்டின் நவம்பர் மாதத்திலேயே அவர் தொழில்முறை மேடையேறினார். 1977இல் உலகப் பட்டத்தை வென்றார். அதன்பின் பதினேழு தடவை அப்பட்டத்தைக் காத்தார். பதினேழு எதிரிகளும் போட்டி முடியுமுன்னரே வீழ்த்தப்பட்டனர். இச்சாதனை குத்துச்சண்டை வரலாற்றில் இன்றும் வியந்து பேசப்படுகின்றது. பின்னர் மேலும் இரண்டு எடைப் பிரிவுகளிலும் அவர் உலகப் பட்டம் பெற்றார்.

கலூலேயின் பாதை வேறு. இடி அமீனின் ஆட்சியில் அல்லலுற்றிருந்த உகண்டாவை விட்டு அவர் டென்மார்க்குக்குச் சென்று, 1976இல் அங்கு தொழில்முறை வீரரானார். 1979 ஒக்டோபரிற் ஜப்பானின் அகித்தா நகரில் மசாஷி குடோவை வென்று உலகச் சம்பியனானார். அதுவரை தோல்வியே அறியாதிருந்த அவர், 1981 யூன் 25ஆந் திகதி அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிற் சுகர் ரே லெனார்டிடம் ஒன்பதாஞ் சுற்றிலே பட்டத்தை இழந்தார்.

பார்லொவின் வரலாறு தனித்தன்மை வாய்ந்தது. யூகோசிலாவியா கம்யூனிச நாடாயினும், தன் வீரரைத் தொழில்முறையிற் புக அனுமதித்தது. 1978 சனவரி 7ஆந் திகதி இத்தாலியின் மிலான் நகரில், ஆர்ஜென்ரீனாவின் மிகேல் குவேலோவை ஒன்பதாஞ் சுற்றில் வீழ்த்திப் பார்லொவ் உலகப் பட்டம் பெற்றார். கம்யூனிச நாடொன்றிலிருந்து இப்பேறு பெற்ற முதல்வர் அவரே. அவருக்கு முன் ஹங்கேரியின் லாஸ்லோ பாப், மூன்று ஒலிம்பிக் தங்கங்களை வென்று, அரசின் அனுமதியுடன் 1957இல் தொழில்முறையிற் புகுந்து ஐரோப்பியப் பட்டத்தையும் பெற்றிருந்தார். ஆனால் 1965இல், உலகப் பட்டத்துக்குப் போட்டியிடும் தறுவாயில், அதே அரசு அனுமதியை மீளப் பெற்றுக்கொண்டது. பாப் ஒருமுறையேனும் தோற்காமலே மேடையை விட்டு இறங்க நேர்ந்தது. பார்லொவ் பெற்றதும் பாப் இழந்ததும் திறமையின் வேறுபாட்டாலன்று; அரசின் ஒரு கையெழுத்தினாலேயே.

நால்வருள் எஞ்சிய டேவிசுக்குத் தொழில்முறை உலகம் முழு நன்மையும் செய்யவில்லை. 1976ஆம் ஆண்டு மொன்றியல் ஒலிம்பிக்குக்கு அவர் சென்றிருந்தபோது, போட்டி தொடங்குவதற்குச் சில நாள்களுக்கு முன் அவர் தாயார் காலமானார். துயரத்தைத் தாங்கிக்கொண்டு போட்டியிட்ட டேவிஸ், 60 கிலோகிராம் பிரிவின் இறுதியிற் சிமியோன் குட்சோவை வென்று தங்கம் பெற்றார். ஹவானாவிற் சொலோமினிடம் இழந்த தங்கத்தை மொன்றியலிற் டேவிசிடமும் இழந்த குட்சோவுக்கு இரண்டாவது வெள்ளியே வாய்த்தது. அவ்வொலிம்பிக்கின் தலைசிறந்த குத்துச்சண்டை வீரருக்கான வால் பார்க்கர் கிண்ணமும் டேவிசுக்கே வழங்கப்பட்டது. இத்தனை பெருமையோடு தொழில்முறையிற் புகுந்த அவர், 1980, 1984, 1988 ஆகிய ஆண்டுகளில் மும்முறை உலகப் பட்டத்துக்காகப் போட்டியிட்டும் ஒருமுறையேனும் வெல்லவில்லை. ஒன்பது நிமிடப் போட்டியிற் பெற்ற புகழ் நீண்ட போட்டியின் பட்டத்தை உறுதிசெய்யாது என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று.

மேடையிலேயே நின்றுவிட்ட எழுவருள், ஹெர்னாண்டெசும் ஸ்டீவன்சனும் மொன்றியலிற் தங்கம் பெற்றனர். கார்பேயும் சொலோமினும் வெண்கலம் பெற்றனர். ரிஸ்கியேவ் இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் மைக்கேல் ஸ்பிங்சிடம் தோற்று வெள்ளி பெற்றார். அன்று வென்ற ஸ்பிங்ஸ் தொழில்முறையிற் புகுந்து, 1985இற் பார எடை உலகச் சம்பியனாகிய லாரி ஹோம்சையே வென்றார். தோற்ற ரிஸ்கியேவுக்கு அத்தகைய பாதை திறந்திருக்கவில்லை.

இவர்கள் எல்லாருள்ளும் உலகின் கவனத்தை மிகுதியாக ஈர்த்தவர் ஸ்டீவன்சன். 1952 மார்ச் 29ஆந் திகதி கியூபாவின் கிழக்கிலுள்ள புவெர்த்தோ பாத்ரே என்னும் ஊரில் அவர் பிறந்தார். தந்தையார் சென் வின்சென்ட் தீவிலிருந்து குடியேறியவர். உயர்ந்த தோற்றமும், அவசரமற்ற நடையும், மின்னலெனப் பாயும் வலக்கையும் அவருக்கு வாய்த்திருந்தன. மியூனிச்சில் அமெரிக்காவின் நம்பிக்கை நட்சத்திரமாகிய டுவேன் பொபிக்கை மூன்றாஞ் சுற்றில் வீழ்த்தியபோது அவர் புகழ் ஒரே நாளிற் பரவியது. அமெரிக்கப் போட்டி ஏற்பாட்டாளர்கள் பத்து இலட்சம் டொலரும் அதற்கு மேலும் தருவதாகக் கூறி அவரை அழைத்தனர். முகம்மது அலியுடன் அவரை மோதவிடும் பேச்சும் நடந்தது. அவர் மறுத்துவிட்டார். எண்பது இலட்சம் கியூப மக்களின் அன்புக்கு முன் பத்து இலட்சம் டொலர் எம்மாத்திரம் என்பது அவர் கூறிய விடையின் கருத்து. மொன்றியலிலும் 1980இல் மொஸ்கோவிலும் மேலும் இரு ஒலிம்பிக் தங்கங்களை வென்று, பாப்பின் பின் மூன்று ஒலிம்பிக் தங்கம் பெற்ற இரண்டாமவரானார். உலகச் சம்பியன் பட்டத்தை 1974, 1978, 1986 ஆகிய ஆண்டுகளில் மும்முறை பெற்றார்.

இம்மறுப்பைக் குறித்து இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. ஒரு சாரார் அதனைப் பேராண்மையின் அடையாளமாகப் போற்றுவர். மற்றொரு சாரார், அவர் ஏற்றிருந்தாற் தாய்நாட்டை இழந்திருப்பார். ஆகவே அது சுதந்திரமான தெரிவன்று என்பர். மேலும், கியூப, சோவியத் வீரரை உண்மையான அமெச்சூர் எனக் கொள்ளலாகாது என்ற வாதமும் மேல்நாடுகளில் எழுந்தது. ஆண்டு முழுவதும் பயிற்சியே தொழிலாக, அரசின் ஆதரவில் வாழும் ஒருவனும், பகலில் வேலை செய்துவிட்டு மாலையிற் பயிலும் ஒருவனும் ஒரே சொல்லால் அழைக்கப்படுவது பொருத்தமோ என அவர்கள் வினவினர். இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. ஸ்டீவன்சன் பல்லாண்டுகள் பல நாடுகளுக்குச் சென்று வந்தவர். பிற்காலத்தில் ஹோயல் கசமாயோர், கில்யெர்மோ ரிகொண்டோ போன்ற கியூப ஒலிம்பிக் சம்பியன்கள் நாட்டை விட்டு நீங்கித் தொழில்முறையிற் புகுந்தனர். அவ்வழி ஸ்டீவன்சனுக்கும் அடைபட்டிருக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அவர் ஹவானாவுக்கே திரும்பினார். அத்திரும்புதலை வெறும் நிர்ப்பந்தம் என்று கூறிவிட முடியாது.

எனினும் நாடு என்பதும் வீரனிடமிருந்து பறித்துக்கொள்ள வல்லது என்பதை வரலாறு காட்டுகின்றது. 1984இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கையும் 1988இற் சியோல் ஒலிம்பிக்கையும் கியூபா பகிஷ்கரித்தது. நான்காவது தங்கத்தைத் தேடும் வாய்ப்பு ஸ்டீவன்சனுக்குக் கிட்டாமலே போயிற்று. 1976இல் ஆபிரிக்க நாடுகள் பல மொன்றியல் ஒலிம்பிக்கைப் பகிஷ்கரித்தபோது கென்யாவும் அவற்றுள் ஒன்று. ஹவானாவில் வெள்ளி பெற்ற முச்சோக்கி அதனாற் பங்குபற்ற முடியவில்லை. அவர் இல்லாத அவ்வொலிம்பிக்கில், ஹவானாவில் அவரை வென்ற ஹெர்னாண்டெஸ் தங்கம் பெற்றார். 1978இற் பெல்கிறேட்டில் நடைபெற்ற இரண்டாவது உலகப் போட்டியில் முச்சோக்கி உலகச் சம்பியனானார் என்பதை எண்ணும்போது, அவர் இழந்ததன் அளவு புலனாகும். மொன்றியல் மேடையில் அவர் வென்றிருப்பாரோ தோற்றிருப்பாரோ, அதனைச் சோதித்துப் பார்க்கும் உரிமையே அவருக்கு இருக்கவில்லை. பணம் ஒருவனை வாங்குகின்றது என்றால், கொள்கை ஒருவனை நிறுத்தியும் வைக்கின்றது.

ஹவானாப் போட்டிக்குப் பின் சென்ற ஆண்டுகளில் அமெச்சூர் என்னுஞ் சொல்லே சிறுகச் சிறுக மறைந்தது. சர்வதேசச் சங்கம் தன் பெயரிலிருந்து அச்சொல்லை நீக்கிக்கொண்டது. 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் தொழில்முறை வீரரும் பங்குபற்ற அனுமதி பெற்றனர். 2021இற் பெல்கிறேட்டில் நடைபெற்ற உலகப் போட்டியில் தங்கம் பெறுவோர்க்கு ஓர் இலட்சம் டொலர் பரிசு அறிவிக்கப்பட்டது. 1962இல் விதித்த தடையைக் கியூபாவும் தளர்த்தியது. 2022 மே மாதம் அந்நாட்டு வீரர் அரசின் அனுமதியுடனேயே மெக்சிக்கோவில் தொழில்முறைப் போட்டியிற் பங்குபற்றினர். அறுபது ஆண்டுகள் நிலைத்த ஒரு கொள்கை அவ்வாறு மாற்றமடைந்தது. ஆனால் நிருவாகம் சீர்படவில்லை. நிதி, நிருவாகம், தீர்ப்பு முறை ஆகியன பற்றிய குறைபாடுகளைக் காட்டிச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2023இல் அச்சங்கத்துக்கு அளித்திருந்த அங்கீகாரத்தை மீளப் பெற்றுக்கொண்டது.

பார்லொவ் 2008இலும், ஸ்டீவன்சன் 2012 யூன் 11ஆந் திகதியும், டேவிஸ் 2015இலும் காலமாயினர். பத்து இலட்சம் டொலரை மறுத்தவரும், உலகப் பட்டத்தை வென்றவரும், வெல்லாதவரும் இன்று ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிற்கின்றனர். 1996இல் முகம்மது அலி மருத்துவ உதவிப் பொருள்களுடன் கியூபாவுக்குச் சென்றபோது ஸ்டீவன்சனைச் சந்தித்தார். ஒருகாலத்தில் இருவரையும் மோதவிட்டுப் பெரும் பணம் ஈட்ட முயன்றோர் பலர். அந்நாளில் அலி நடுங்கும் கைகளுடன் நோயுற்றிருந்தார். ஸ்டீவன்சன் அவருக்கு நண்பராக அருகில் நின்றார்.

ஹவானாவின் பதினொருவருள் எவர் சரியான வழியைத் தேர்ந்தார் என்று தீர்ப்புக் கூறுவது எளிதன்று. ஐந்து தீர்ப்பாளரை அமர்த்தினாலும் இவ்வழக்கில் ஒருமித்த முடிவு கிட்டாது. கோமெஸ் செல்வத்தை நாடியதில் இழுக்கில்லை. ஸ்டீவன்சன் அதனை மறுத்ததில் அறியாமையும் இல்லை. இழுக்கு எங்குண்டெனில், பாப்பிடமிருந்து உலகப் பட்டத்தையும் முச்சோக்கியிடமிருந்து ஒலிம்பிக்கையும் பறித்த இடத்திலேயே உண்டு. அடியைத் தாங்குவது வீரனின் உடல். ஆதலால் எந்த மேடையில் ஏறுவது, எப்போது இறங்குவது என்னும் தெரிவும் அவனுக்கே உரியதாதல் வேண்டும். இப்போட்டியின் பதக்கப் பட்டியலை ஊன்றிப் படிப்போர் அறியத்தக்க உண்மை இதுவேயாகும்.